டாப் கியரில் சத்தம் இல்லை

மலர்க் குழு மாணவர்கள் இரண்டு பேர் போன மாதம் என் பட்டறைக்கு வந்து, "சார், பழைய மாணவர்ங்கிற முறையில நீங்க ஒரு கட்டுரை தரணும்" என்று கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். "உங்க இஷ்டம் சார். தன்னம்பிக்கை, முன்னேற்றம், இப்படி ஏதாவது" என்றார்கள். அதையெல்லாம் எழுத மலரில் வேறு ஆட்கள் இருப்பார்கள். எனக்குத் தெரிந்தது வண்டி. ஆகவே ஒரு அம்பாசடர் காரின் கியர் பாக்ஸைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் தேவையில்லாமல் மாற்றிய ஒரு பேரிங்கையும், மாற்ற வேண்டியிருந்தும் மாற்றாமல் விட்ட இன்னொன்றையும் பற்றி.

1994ஆம் வருடம் மே மாதம். ஆட்டோமொபைல் டிப்ளமோ இரண்டாமாண்டு பரீட்சை முடிந்து விடுமுறை. திருச்சி பாலக்கரையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளி, மேஸ்திரி எல்லாம் ஒருவரே. ஊருக்கே அவர் 'பாய்'தான். அவரைத் தவிர நானும், என்னைவிட இரண்டு வயது சின்னவனான ஒரு பையனும். அவன் எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஸ்பேனர் பிடித்தவன். எனக்கோ சட்டைப் பையில் கல்லூரி அடையாள அட்டை இருக்கும். பட்டறைக்கு அது எதற்கு என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டும் டிரைவர் அண்ணன் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சொந்த வண்டி. சொந்தம் என்றால் பாதி அவருக்கு, பாதி பைனான்ஸ்காரருக்கு. என்ஜின் ஓடும்போது நியூட்ரலிலேயே 'கர்ர்ர்' என்று மாவு மில் மாதிரி ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் சத்தம் நின்றுவிடும்.

"மிதிச்சா நின்னுடுது பாய். ஸ்டாண்டுல எல்லாரும் கிளட்ச் பேரிங்னு சொல்றாங்க."

"தலைகீழா சொல்றாங்க" என்றார் பாய். "கிளட்ச் பேரிங் நீ மிதிக்கும்போதுதானே வேலை செய்யுது? மிதிச்சா சத்தம் வந்தா அது. மிதிச்சா நிக்குதுன்னா சத்தம் பாக்ஸுக்குள்ள இருக்கு."

பாய்க்கு அன்று அவசரமாகத் தஞ்சாவூர் போகவேண்டியிருந்தது. கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "முன் பேரிங், இல்ல லேஷாப்ட். ரெண்டுல ஒண்ணு. ஓட்டிப் பாத்துட்டு எறக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த 'ஓட்டிப் பாத்துட்டு' என்ற இரண்டு வார்த்தைதான் இந்தக் கட்டுரை.

மெக்கானிக்கல் பிரிவு தவிர்த்த நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்த நாலு கியர் பாக்ஸுக்குள் மூன்று தண்டுகள். கிளட்சிலிருந்து வரும் முன் தண்டு ஒன்று. அது ஒரு பெரிய பால் பேரிங்கில் சுற்றும். அதற்கு நேர் பின்னால், சக்கரங்களுக்குப் போகும் மெயின் ஷாப்ட். கீழே லேஷாப்ட். லேஷாப்டின் தண்டு சுற்றாது. பெட்டியோடு அசையாமல் நிற்கும். அதன்மேல் நாலு பல்சக்கரம் ஒரே உருப்படியாக உள்ள கிளஸ்டர் கியர், ஊசி ரோலர்கள்மேல் சுற்றும். ஒன்று, இரண்டு, மூன்று என எந்த கியரில் போட்டாலும் இழுவை முன் தண்டிலிருந்து கீழே கிளஸ்டருக்கு இறங்கி, மறுபடி மேலே மெயின் ஷாப்டுக்கு ஏறும். டாப் கியரில் மட்டும் முன் தண்டும் மெயின் ஷாப்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். கிளஸ்டர் அப்போதும் சுற்றும், ஆனால் சும்மா சுற்றும், பாரம் இருக்காது. ஆகவே மூன்றாவதில் இரைந்து டாப்பில் அடங்கினால் லேஷாப்ட். எல்லா கியரிலும் இரைந்தால் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கிளட்சை மிதித்து நியூட்ரலில் வண்டியை உருளவிட்டாலும் சத்தம் தொடர்ந்தால் மெயின் ஷாப்டின் பின் பேரிங்கையும் அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும். காவிரிப் பாலம் வரை போய்வந்தால் தெரிந்துவிடும். பத்து நிமிஷம்.

நான் போகவில்லை. எப்படியும் இறக்கிப் பிரிக்கத்தானே போகிறோம், பிரித்தால் தெரிந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் புரொபெல்லர் ஷாப்டைக் கழற்றி, என்ஜினுக்கு அடியில் கட்டையும் ஜாக்கியும் கொடுத்து, ஸ்பீடோமீட்டர் கேபிளை எடுத்து, நானும் பையனுமாகப் பெட்டியைச் சாக்கின்மேல் இறக்கிவிட்டோம். பழைய ஆயிலை ஒரு தகர டின்னில் வடித்து மேஜைக்கு அடியில் தள்ளினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முன் பேரிங்கைப் புல்லர் போட்டு எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி விரலில் மாட்டிச் சுற்றினேன். கலகலவென்று ஆடியது. "போச்சு, இதுதான்" என்றேன். ஆயில் போகக் கழுவிய பால் பேரிங், புத்தம் புதுசாக இருந்தாலும் கலகலக்கத்தான் செய்யும். இரண்டு சொட்டு ஆயில் விட்டு மெதுவாகச் சுற்றி, விரலுக்கு எங்கேயாவது நெருடுகிறதா, குண்டுகள் ஓடும் பாதையில் பொரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது எனக்கு அன்று தெரியாது.

லேஷாப்டையும் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. தண்டை வெளியே இழுத்து ஒரு முனையைக் கையில் பிடித்து நகத்தால் தடவினேன். வழவழவென்று இருந்தது. ஊசிகள் ஒரு டப்பாவில் பளபளத்துக் கிடந்தன.

"அண்ணே, பாக்ஸ் பிரிச்சா தண்டையும் ஊசியையும் மாத்திடணும்னு பாய் சொல்வாரு" என்றான் பையன்.

"தேஞ்சாத்தான்டா மாத்தணும். புக்குல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. முன் பேரிங் ஊரிலேயே கிடைத்தது. லேஷாப்ட் செட் கைவசம் இல்லை, மெட்ராஸிலிருந்து வரவழைக்க இரண்டு நாள் ஆகும் என்றார் கடைக்காரர். டிரைவர் அண்ணனுக்கோ வியாழக்கிழமை விடியற்காலை ஒரு கல்யாணப் பார்ட்டியைக் கரூருக்கு ஏற்றிப் போகவேண்டும், அட்வான்ஸ் வாங்கிவிட்டார். வைகாசி முகூர்த்தம்தான் டாக்சிக்காரர்களுக்கு அறுவடை. "லேஷாப்ட் நல்லா இருக்குதா தம்பி?" என்று அவரே கேட்டார். "பாத்துட்டேண்ணே, நல்லா இருக்கு" என்றேன்.

புது பேரிங்கை எண்ணெயில் போட்டுச் சூடாக்கித் தண்டில் இறக்கினேன். சுத்தியலால் வெளி வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும் என்று வகுப்பில் படித்ததை அப்படியே செய்தேன். அந்த வேலை இன்றுவரை குறை சொல்ல முடியாத வேலை. தேவையில்லாத வேலை என்பதுதான் குறை.

புதன்கிழமை ராத்திரி வண்டி ஸ்டார்ட் ஆனபோது சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. புது ஆயிலின் கனம். நான் அதை என் கைவண்ணம் என்று எடுத்துக்கொண்டேன். அவரும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பாய் தஞ்சாவூரிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அதே வண்டி உள்ளே நுழைந்தது. டிரைவர் அண்ணன் கத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. குளித்தலை வருவதற்குள் சத்தம் பழையபடி ஆகி, மூன்றாவது கியர் தானாகத் தெறிக்க ஆரம்பித்திருக்கிறது. பெண் வீட்டார் பயந்துபோய் அங்கேயே வேறு வண்டி பேசி ஏறிக்கொண்டார்கள். வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, போன வரைக்குமான டீசலைத் தன் கைக்காசில் போட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

"எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?" என்று பாய் கேட்டார்.

"டாப்ல போட்டா சத்தமே இல்ல பாய். தெறிக்கவும் இல்ல. அதனால முடிஞ்சவரைக்கும் டாப்லயே வந்துட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார்.

"இது எப்போலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். தம்பி கேக்கலையே."

இப்போது என் பட்டறையில் வண்டியை எழுதி வாங்கும் சீட்டில் ஒரு வரி அச்சடித்திருக்கிறேன்: 'எந்த கியரில் சத்தம் குறைகிறது?' வாடிக்கையாளரில் பாதிப் பேர் "தெரியலையே" என்பார்கள். "அப்ப வாங்க, ஒரு ரவுண்டு போகலாம்" என்று நானே பக்கத்தில் ஏறிக்கொள்வேன். அம்பாசடர் உற்பத்தி உத்தரபாராவில் 2014இல் நின்றுபோனது. இப்போது வருகிற முன்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் இந்த நேர்ப்பூட்டு டாப் கியர் கிடையாது, அதனால் இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. ஆனால் எந்த கியரில் எந்த பேரிங்மேல் பாரம் என்று வரைந்து பார்த்துவிட்டு ஓட்டும் முறை பொருந்தும்.

கதைக்கு வருகிறேன். பெட்டியை மறுபடி இறக்கினோம். பாய் முதலில் மேஜைக்கு அடியில் இருந்த அந்தத் தகர டின்னை இழுத்து, செவ்வாய்க்கிழமை வடித்த ஆயிலை ஒரு பழைய வேட்டித் துணியில் ஊற்றினார். துணியில் சின்னச் சின்னதாகச் செதில்கள், மீன் செதில் மாதிரி மின்னின. பிறகு லேஷாப்ட் தண்டை உருவி, கண்ணெதிரே பிடித்து மெதுவாகச் சுற்றினார். நான் பார்த்த பக்கம் வழவழப்பு. அரைச் சுற்றுத் திரும்பியதும் ஊசிகள் ஓடும் இடத்தில் மேல்தோல் உரிந்து பொரிப்பொரியாக இருந்தது. தண்டு சுற்றாதல்லவா? பல்சக்கரங்கள் கிளஸ்டரை எப்போதும் ஒரே திசையில் தள்ளுகின்றன. அதனால் தேய்மானம் எல்லாம் ஒரே பக்கம். நான் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவில்லை.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. தண்டை என் கையில் கொடுத்தார்.

"என்ன பாய், என்ன ஆச்சு?" என்றார் டிரைவர் அண்ணன். பாய் பதில் சொல்லாமல் நின்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புது பேரிங் சரியில்லை, டூப்ளிகேட் மாட்டிக்கிச்சு என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பார். அந்தக் காலத்தில் டூப்ளிகேட்டுக்குக் குறைவில்லை.

"அன்னிக்கே போயிருக்குண்ணே. நான்தான் ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னேன். பாய் ஓட்டிப் பாக்கச் சொன்னாரு. ஓட்டல" என்றேன். பையனைக் காட்டி, "இவன் மாத்தச் சொன்னான்" என்றும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமையும் ஒரு முகூர்த்தம் ஒத்துக்கிட்டிருக்கேன்" என்றார். கோபமாகக்கூட இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சொன்ன மாதிரி இருந்தது. அதுவும் போயிற்று.

கூலியும் சாமானும் பட்டறைக் கணக்கு என்று பாய் சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே பணத்தைக் கொடுத்து, பழைய தண்டையும் ஊசிகளையும் துணியில் சுற்றிக் கொடுத்து, "பேர் சொல்லி வாங்காத, இத வச்சு அளந்து வாங்கு" என்று என்னை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, தண்டு, ஊசி ரோலர், த்ரஸ்ட் வாஷர் மூன்றும் வாங்கிக்கொண்டு அன்றிரவே திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினோம். கிளஸ்டரின் நீளத்துக்கு ஒரு டம்மித் தண்டு போட்டு, ஊசிகளைக் கிரீஸில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, கிளஸ்டரைப் பெட்டியில் இறக்கி, அசல் தண்டால் டம்மியைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். ஊசி ஒன்று நழுவி உள்ளே விழுந்தால் பல்லுக்கு நடுவில் சிக்கிப் பெட்டியே உடையும். பையன் எண்ணிக் கொடுத்தான், நான் எண்ணி வாங்கினேன். இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகுதான் அடுத்த முனை. முன் பேரிங்கை பாய் ஆயில் விட்டுச் சுற்றிப் பார்த்து, "இது நல்லா பூட்டியிருக்க" என்றார். அன்று அது பாராட்டாகவே காதில் விழவில்லை.

சாயங்காலம் வண்டியை எடுத்தோம். ஓட்டியது டிரைவர் அண்ணன். என்னை முன் சீட்டில் உட்காரச் சொல்லி, "கண்ணாடிய ஏத்திக்க தம்பி, காத்துச் சத்தம் வேண்டாம்" என்றார். மே மாத வெக்கை. காவிரிப் பாலத்தில் மூன்றாவதில் இழுத்தார். பிறகு டாப். பிறகு மறுபடி மூன்று. வித்தியாசம் தெரியவில்லை. என்ஜின் சத்தம் மட்டும்தான்.

"போதுமா?" என்றார்.

"ஸ்ரீரங்கம் போய்த் திரும்பும்போது இன்னொரு தடவ மூணுல போடுங்கண்ணே" என்றேன்.

அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. கியர் லீவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.