வான் ஏன் பதிஞ்சு போச்சு?

போன கிழமை நான் போட்ட வானின் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சேர், முன்பக்கம் பதிஞ்சு போச்சு? டயர் மட்டும் பெருசா இருக்கு" என்று பழைய மாணவர்கள் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பழைய மிட்சுபிஷி டெலிகா, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. பசறைக்கு அப்பால் தோட்டத்தில் இருக்கும் மனைவியின் அக்காவைப் பார்க்க, பண்டாரவளையிலிருந்து மாதம் ஒரு முறை போவோம். கடைசி மூன்று மைல் வெறும் கல் ரோடு. அதற்காகத்தான் 215/75 ஆர் 15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போட்டேன்.

கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? டயரின் விட்டம் 703.5 மில்லிமீற்றரிலிருந்து 733.5 ஆகிறது. 30 கூடினால் வண்டி உயர்வது அதில் பாதி, 15. மீற்றரில் 60 காட்டினால் ஓட்டம் 62.5. எல்லாம் கொப்பியில் எழுதி வைத்தேன்.

டயர் மாட்டியதும், ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினால் மட்பிளாப்பில் உரசியது. கராஜ் வைத்திருப்பவர் என்னிடம் படித்த பையன்தான். (வகுப்பில் கடைசி பெஞ்ச், பாதி நேரம் தூக்கம்.) "சேர், இது வெட்டித் திருப்பும்போது மட்டும்தான் படுது. மட்பிளாப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினா போதும். தூக்கத் தேவையில்ல" என்றார். நான் கேட்கவில்லை. பெரிய டயர் போட்ட வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டாமா?

இந்த வானின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாக டோர்சன் பார் என்ற இரும்புத் தண்டு இருக்கிறது. சக்கரம் மேலே ஏறும்போது, ஈரத்துணியைப் பிழிவது போல அது முறுக்கிக்கொள்ளும். அதன் பின்முனையில் உள்ள போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். தண்டு பலமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அதன் நீளமும் தடிப்பும் அதேதான், நிற்கும் உயரம் மட்டுமே மாறுகிறது. என் பிடிவாதத்துக்காக ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர் தூக்கினார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சக்கரம் கீழே தொங்க இடமில்லாமல், குழியில் இறங்கும்போதெல்லாம் "டக்" என்று அடித்தது. போகப் போகப் பழகிவிடும் என்று இருந்தேன்.

அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது மனைவிக்குத் தலைவலி. அதற்கடுத்த மாதம் விரதம். நானும் துருவிக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கிளினிக் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு வராமல் இருக்க முடியாது. கைப்பிடியைப் பிடித்துக் காலைத் தூக்கியவள், மறுபடி கீழே வைத்தாள். இரண்டாவது முறையும் அப்படியே. பிறகு என்னைப் பார்க்காமலே, "ஏங்க, குசினியில இருக்கிற சின்ன ஸ்டூலை எடுத்துட்டு வாறீங்களா?" என்றாள்.

டெலிகாவில் முன்சீட் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது. முன்பக்கத்தை உயர்த்தினால் உயர்வது அவள் ஏறும் படி. 38ம் 15ம் 53. வலிக்கிற முழங்காலுக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல். கொப்பி நிறையக் கணக்கு எழுதிய நான் இந்த ஒரு கூட்டலைப் போடவே இல்லை.

மறுநாளே கராஜுக்குப் போனேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றி உட்பக்கத்தைக் காட்டினார். ரிம்மெல்லாம் கிரீஸ். உயரம் கூடியதால் முன் அக்ஸிலின் சரிவு அதிகமாகி, மூட்டை மூடும் ரப்பர் கிழிந்திருந்தது.

இறக்குவது தூக்கியதைவிட வேலை. முதலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, தண்டின் பாரத்தை எடுத்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சுற்றியும் சாரதிப் பக்கம் 8 மில்லிமீற்றர் பதிவாக நின்றது. பழைய தண்டு, எத்தனையோ வருசம் ஆளைச் சுமந்தது. சுற்றை எண்ணாமல், சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை அளக்கச் சொன்னார். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் வந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிப் படியவிட்டு அளந்தோம். நாலாவது முறைதான் சமமானது. முதலில் இருந்ததைவிட 10 மட்டும் அதிகம். பிறகு மட்பிளாப்பை, அவர் அன்றே சொன்னபடி, வெட்டினோம். எலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டையும் சரிசெய்தோம். உயரம் மாறினால் இரண்டும் மாறிவிடும். உங்களில் யாராவது போல்ட்டைத் தொடுவதாக இருந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

டயர் கொடுத்த 15ஐக் குறைக்க வழியில்லை. ஆகவே இன்னும் 25 மிச்சம் இருக்கிறது. போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போய் வந்தோம். அந்தப் படம் அங்கே எடுத்ததுதான். கதவோரம் ஒரு சிவப்பு ஸ்டூல் தெரியும், அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.