இன், ஆன், அட்... எதை எங்கே போடுவது?

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து கல்லூரி வரை கூடவே வரும் தலைவலி ஒன்று உண்டு என்றால் அது ஆங்கிலத்தின் இந்தச் சின்னச் சின்ன சொற்கள்தான். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் பரீட்சை வரைக்கும் தாங்கும். மறுநாளே மறந்துவிடும்.

நமக்கு ஏன் இந்தக் குழப்பம்? தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு மூன்று வேலையையும் பார்த்துவிடுகிறது. பெட்டியில், சுவரில், பஸ் ஸ்டாப்பில்... ஆங்கிலமோ மூன்றுக்கும் மூன்று சொல் கேட்கிறது. பெட்டிக்குள் சேலை அடங்கியிருக்கிறது, அதனால் 'இன்'. படம் சுவரின் பரப்பைத் தொட்டிருக்கிறது, அதனால் 'ஆன்'. உள்ளா வெளியா என்ற கவலையே இல்லாமல் வெறும் ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட்'. பஸ் ஸ்டாப் அப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை, காருக்கு 'இன்', பஸ்ஸுக்கு 'ஆன்'! எழுந்து நடக்க இடமிருக்கும் பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் 'ஆன்'. உட்கார மட்டுமே முடிகிற கார், ஆட்டோவுக்கு 'இன்'.

அடுத்தது திசை. கிணற்றில் நீந்தினான், கிணற்றில் குதித்தான். நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் நீந்துவதற்கு 'இன்', குதிப்பதற்கு 'இன்டு'. முதலாவதில் ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான். இரண்டாவதில் வெளியிலிருந்து உள்ளே போகிறான்.

அதற்காகத் தமிழில் நுட்பம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 'மேசை மேல் புத்தகம்' என்றால் 'ஆன்'. 'மேசைக்கு மேல் விளக்கு' என்றால் 'அபவ்' அல்லது 'ஓவர்'. ஒரு 'க்கு' சேர்ந்ததும் தொடுதல் போய்விட்டது பாருங்கள்!

சரி, இத்தனை சின்னச் சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம்.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் விமான நிலையம் முழுக்க மூடுபனி. கே.எல்.எம். விமானத்தின் துணை விமானி, தாங்கள் இப்போது 'அட் டேக்ஆஃப்' என்று ரேடியோவில் சொன்னார். புறப்படும் இடத்தில் நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். விமானமோ ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. அதே ஓடுபாதையில் எதிரே பான் ஆம் விமானம். 583 பேர் இறந்தார்கள்.

டச்சு மொழியில், நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லவே 'அட்' போன்ற ஓர் இடச்சொல் வரும். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்தில் புகுந்துவிட்டது என்று மொழியியலாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பனி, ரேடியோ இரைச்சல், அவசரம் என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. அதன் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் 'டேக்ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்தது.

நம் தாய்மொழி எப்போதும் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். அது தவறில்லை. எழுதும் முன் இரண்டே கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். புள்ளியா, பரப்பா, உள்ளா? நிற்கிறதா, நகர்கிறதா? விடை தெரிந்தால் சொல் தானாக வரும்.