கம்மலைக் காப்பாற்றிய முத்திரை

மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் மகளுக்கு வேலை என்று மெயில் வந்தது. ‘டெபாசிட் 8,500 ரூபாய் இன்றே கட்டவும்.’ கம்மலைக் கழற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் அடகுக்கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

“இருங்கக்கா, முத்திரையைப் பார்ப்போம்” என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளியில் ‘ஷோ ஒரிஜினல்’ தட்டினான். தபால் உறையில் விழும் முத்திரைபோல, மெயில் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் ‘ரிசீவ்டு’ என்று நேரத்தோடு பதிகிறது. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அனுப்புநர் இடத்தில் கம்பெனி முகவரிதான். ஆனால் எஸ்.பி.எஃப்., டி.மார்க் இரண்டிலும் ‘ஃபெயில்’!

“‘பாஸ்’னு இருந்தாலும் நம்பிடாதீங்க. திருடனும் அதே மாதிரி பேர்ல டொமைன் வாங்கலாம். முகவரியை ஒவ்வொரு எழுத்தா பாருங்க. பணம் போயிட்டா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.”

கம்மல் காதுக்குத் திரும்பியது. மகள் அடுத்த இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள்.