விரல் அறியும் பருவம்

திருக்குறள் பயின்ற மாணவர் எவரும் கவரிமாவை மறவார். மயிரை இழந்தால் அது உயிர் தரியாது என்பது புலவர் காட்டும் செய்தி. அதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கு இருமுறை தன் மேல்மயிரையெல்லாம் பிறர் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து நின்று உடலை ஒருமுறை உதறிக்கொண்டு, உணவுக் கிண்ணத்தை நோக்கி நடக்கும் விலங்கும் உண்டு. பார்டர் டெரியர் என்னும் சிறு நாயே அது.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் எல்லை கொள்ளும் செவியட் குன்றுப் பகுதி அதன் தாயகம். ஆட்டுக்குட்டிகளைக் கவரும் நரிகளை ஒடுக்க அங்குள்ள உழவரும் இடையரும் இந்நாயை வளர்த்தனர். குதிரையின் பின்னே ஓடுவதற்குக் கால் நீளம் வேண்டும். நரி வளைக்குள் நுழைவதற்கு மார்பு ஒடுக்கம் வேண்டும். தோளுக்குப் பின்னால் இரு கைகளாலும் வளைத்துப் பிடித்தால் அடங்குகின்ற அளவே உடல் இருத்தல் வேண்டும் என்று அவ்வினத்துக்கு வகுத்த இலக்கணம் இன்றும் கூறுகிறது. அளவுகோலும் கைதான்! 1920இல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதனைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. முழு வளர்ச்சி பெற்ற ஆண் நாயின் எடை 6 அல்லது 7 கிலோ.

முள்ளும் பாறையும் ஓயாத சாரலும் நிறைந்த நிலம் அது. அதற்கேற்ப இந்நாய்க்கு இரட்டைப் போர்வை அமைந்தது. அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். அது குளிரைத் தடுக்கும். மேலே கம்பி போன்ற வன்மயிர். அது மழையையும் சேற்றையும் முள்ளையும் தடுக்கும். இத்தகைய நாய்களின் கம்பி மயிருக்கும், முகத்துக்குக் கிழவரின் களையைத் தரும் மீசைக்கும் புருவத்துக்கும் ஒரே மரபணுவின் மாற்றமே காரணம் என்பது 2009இல் வெளியான ஆய்வொன்றால் தெளிவாயிற்று.

பிற நாய்களின் மயிர் காலம் வந்ததும் உதிர்ந்து வீடெங்கும் பரவும். கம்பி மயிரோ எளிதில் உதிர்வதில்லை. வளர்ச்சி நின்று வேர் தளர்ந்த பின்னும் அது தன் குழியிலேயே நின்றுகொண்டிருக்கும். புதர்தோறும் நுழைந்து திரிந்த நாளில் முள்ளே அதனை ஓரளவு பறித்துவிட்டது. வேட்டை நாய்க் கூட்டத்தைக் கொண்டு நரியை வேட்டையாடும் பழைய முறையை ஸ்காட்லாந்தில் 2002 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதலும் சட்டம் தடுத்துவிட்டது. தொழில் போயிற்று; தொழிலுக்கென அமைந்த சட்டை மட்டும் உடலோடு தங்கிவிட்டது. முள் செய்த வேலையை இனி மனிதனின் கைதான் செய்தாக வேண்டும்.

கையால் மயிரைப் பறிப்பதா என்று மனம் பதறுவது இயல்பே. அப்பதற்றத்தில் நியாயமும் உண்டு. பருவம் அறியாது பறித்தால் அது வதையே. காயைத் திருகினால் காம்பு முறிந்து பால் வடியும். கனியோ தொட்டவுடன் கையோடு வரும். மயிருக்கும் அப்படியொரு கனிவு உண்டு. ஏறத்தாழ ஐந்து ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மேல்மயிர் படியாமல் விறைத்து எழும். முதுகின் நடுவே வகிடு எடுத்தாற்போல் பிளந்து விழும். அப்போது நாலைந்து மயிரை மட்டும் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி வந்தால் பருவம் வந்துவிட்டது. நாய் வெடுக்கெனத் திரும்பிப் பார்த்தால் வரவில்லை. இரண்டு வாரம் பொறுப்பதே முறை. இக்கலையில் தேர்வாளர் நாய்தான்.

வேலை தொடங்குமுன் நாயைக் குளிப்பாட்டுதல் கூடாது. குளித்த மயிர் மென்மையாகி விரலுக்குப் பிடிபடாமல் வழுக்கும். வழுக்காத மேசையில் நாயை நிறுத்தி, இடக்கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சில மயிர்களை மட்டும் பற்றி, மயிர் வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் வலிக்கும். பிடி நழுவாதிருக்கச் சுண்ணத்தூள் தடவிக்கொள்வோரும், இரப்பர் விரலுறை அணிவோரும் உண்டு. இதற்கென ஒரு கத்தியும் விற்கிறார்கள். பெயர்தான் கத்தி, அதன் பற்கள் மயிரைப் பற்றிக்கொள்ளவே ஏற்பட்டவை. வெட்டுமானால் அது கெட்ட கத்தி. அடிவயிறு, தொடையிடுக்கு போன்ற மெல்லிய இடங்களில் கத்தரிக்கோல் போதும். முழு உடலுக்கும் பல மணி நேரமாகும். ஒரே நாளில் முடித்தே தீர்வேன் என்று நாயை நிற்கவைத்து வாட்டுவதைவிட இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

மின்சாரக் கத்தரியோ ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடும். பின் ஏன் இத்தனை பாடு? கத்தரி மயிரின் கடினமான நுனியை வெட்டி எறிகிறது. உயிரற்ற அடியைக் குழியிலேயே விட்டுவிடுகிறது. புது மயிருக்கு வழி கிடைப்பதில்லை. சிலமுறை இவ்வாறு வெட்டியபின் செந்நிறம் வெளிறும், கம்பி பஞ்சாகும், மழைநீர் வழிந்தோடாமல் ஊறி நிற்கும். பறிக்கும் கலையை அறியாத கடையில் விட்டு, மாலையில் திரும்ப வாங்கும்போது தம் நாயைத் தாமே அடையாளம் காணாது திகைத்து நிற்போர் உண்டு. இழந்த கடினத்தை மீட்கப் பல பருவங்கள் காத்திருக்க வேண்டும். சில நாய்களுக்கு அது முழுமையாக மீள்வதே இல்லை.

எனினும், கத்தரியைத் தொட்டவரைப் பாவியைப் போல் நோக்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. அக்கூட்டத்தின் கண் நாயின் மீதன்று, காட்சி மேடையின் மீதே இருக்கிறது. மூப்பெய்தி நிற்க மாட்டாத நாயையும், தோல் நோயால் வருந்தும் நாயையும், கருத்தடைக்குப் பின் மயிர் கம்பளியாகிப் பறிக்க வராத நாயையும் மேசையில் நிறுத்தி வருத்துவதில் என்ன பெருமை? அந்நிலையில் கத்தரியே கருணை.

பறித்து முடித்த நாய் பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். பாதி உடம்பு கரைந்துவிட்டதோ எனத் தோன்றும். நீர்நாயின் தலையை ஒத்திருக்க வேண்டும் என்று இலக்கணம் சொல்லும் தலை அப்போதுதான் தெளிவாகப் புலப்படும். அடிமயிரும் மெலிந்திருந்தால் குளிர்நாளில் ஒரு சட்டை அணிவிப்பதும், கடும் வெயிலில் நிழலில் வைத்திருப்பதும் தேவை. இரண்டு மூன்று வாரங்களில், தடவும் கைக்குச் சிறு முனைகள் தட்டுப்படும். கண்ணுக்கு அவை பிறகுதான் தெரியும். இரண்டு மூன்று திங்களில் புதிய சட்டை முழுதாக வந்துவிடும். அதன்பின் சாரல் விழும் நாளில் அந்நாய் குன்றுப் புல்லில் புரண்டு எழுந்து வந்தாலும், ஒரே உதறலில் நீர் சிதறி விழும். உள்ளே விரலை நுழைத்தால் அடிமயிர் காய்ந்திருக்கும்.