செஞ்சியிலிருந்து கடல் வரை

2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ செஞ்சிக்கோட்டையை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. அதனைக் காண எங்கெங்கிருந்தோ வருகின்றனர். செஞ்சியிலேயே வாழ்கின்ற நாம் எங்கே செல்வது? ஆடவர்க்கு வணிகம், வழக்கு, திருமண அழைப்பு என்று ஊர் கடக்க ஆயிரம் வாய்ப்புகள் உண்டு. பெண்டிர்க்கோ பிறந்த வீடும் புகுந்த வீடுமே உலகம். கிழக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் சென்றால் கடல். ஆயினும் அதனைக் காணாமலே முதுமையெய்திய தாய்மார் எம் தெருவில் உளர். எம் மாமியாரும் அவர்களுள் ஒருவர். சென்ற தை மாதத்தில் அவரை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டோம்.

"அங்கே டிக்கெட் எவ்வளவு மாப்பிள்ளை?" என்பதே அவரது முதற் கேள்வி.

"கடலுக்கு ஏது டிக்கெட் மாமி!" என்றோம்.

பேருந்துக் கட்டணம் மட்டும் தப்பாது. 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது சாதாரண நகரப் பேருந்துகளுக்கே பொருந்தும். சோறும் நீரும் வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றோம்.

திண்டிவனத்தில் வண்டி மாறவேண்டும். அவ்வூரின் ஒரு பகுதியாகிய கிடங்கில், சங்க காலத்தில் நல்லியக்கோடனின் தலைநகர். வறிய பாணனுக்கு அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறும் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினக் கடற்கரையையும் வருணிக்கின்றது. அப்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. நூலைப் பாடிய நத்தத்தனாரும் இக்கரையை அடுத்த இடைக்கழிநாட்டு நல்லூரினரே. கையிற் காசில்லாதவன் இவ்வழியே நடந்து, பரதவர் தந்த சுட்ட மீனை உண்டு பசியாறினான் என எண்ணுகையில் எமக்கும் ஒரு துணிவு பிறந்தது.

மரக்காணத்தில் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பரந்து கிடக்கின்றன. மழை ஓய்ந்து பாத்தி திருத்தும் காலம் அது. வெறுங்காலுடன் உவர்ச்சேற்றில் நின்ற பெண்களை மாமி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தென்மேற்கேயுள்ள கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளுக்கு அது புகலிடம். பொழுது போதாமையால் அங்குச் செல்லவில்லை.

வடக்கே கடப்பாக்கத்தை அடுத்திருப்பது ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முகலாயர் காலத்தில் எழுப்பப்பட்டது. ஒரு காலத்தில் நாணயச்சாலையும் அங்கிருந்தது. செஞ்சியில் ராஜகிரி அடிவாரத்துப் பள்ளிவாசலைக் கட்டுவித்த நவாப் சாதத்துல்லா கானை நாம் அறிவோம். அவருடைய சகோதரர் மகனாகிய தோஸ்த் அலி கானின் ஆட்சியில் ஆலம்பரை இருந்தது. 1750-இல் மலைக்கோட்டையும் கடற்கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றன. 1760-இல் ஆலம்பரையும் 1761-இல் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின. ஆங்கிலேயர் ஆலம்பரையை இடித்தனர். எஞ்சிய மதில்கள் மணலிற் சாய்ந்து நிற்கின்றன.

மதிலுக்கு அப்பால் கழிமுகம், அதற்கும் அப்பால் மணல்மேடு, பின்னர்க் கடல். படகேறினால் கூலி தரவேண்டும், நாம் ஏறவில்லை. பிள்ளைகள் கழியோரத்தில் சிப்பி பொறுக்கினர். அலையடிக்கும் கரையில் மட்டும் அவர்களை இறங்கவிடலாகாது, அடியிழுப்பு வலிது. லுஹர் வேளையில் மதில் நிழலில் பாய் விரித்துத் தொழுதோம். மாமி தொழுகை முடிந்தும் எழவில்லை. கடலை நோக்கியே அமர்ந்திருந்தார். "இவ்வளவு பக்கத்திலா இருந்தது!" என்றார். அச்சொல்லுக்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

செல்ல விரும்புவோர்க்கு ஒன்று கூறவேண்டும். கோட்டையருகே பெண்டிர்க்குரிய கழிப்பிடம் எம் கண்ணிற் படவில்லை. பெண்கள் வெளியே கிளம்பத் தயங்குவதற்குக் காசைவிட இதுவே பெருங்காரணம் என்பது எம் கருத்து. கடப்பாக்கத்தில் தெரிந்தவர் வீடு இருப்பின் முன்னரே சொல்லி வைப்பது நலம்.

திரும்பிய மறுநாளே அண்டை வீட்டு மூதாட்டியர் இருவர் மாமியிடம் வந்து, பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுச் சென்றனர்.