நியூட்ரலில் நகர்ந்த வண்டி

நியூட்ரல் என்றால் வண்டி நிற்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்கே தெரியும். ஆனால் எங்கள் வீட்டு நெல் அறுவடை மெஷினுக்கு மட்டும் ஒரு வருடமாக அது தெரியவில்லை :)

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பா கடன் போட்டு வாங்கிய பழைய 'பெல்ட் வண்டி' அது. டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருப்பதால் ஈர வயலிலும் அவ்வளவாகப் புதையாது. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில்தான் அதற்கு நல்ல வேலை. மணிக்கு 2,600 ரூபாய் வாடகை. கணக்கு நோட்டு என் பொறுப்பு. காமர்ஸ் படித்ததற்கு வீட்டில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

இந்த வண்டியை ஓட்டும்போது அடிக்கடி கிளட்ச் மிதித்துக் கியர் மாற்ற வேண்டியதில்லை. ஒரு லீவர் போதும். முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும், நடுவில் வைத்தால் நியூட்ரல். இதற்கு ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் என்று பெயர். அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1967-லேயே இதை டிராக்டரில் வைத்து விற்றது. இன்று அங்கே வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கும் சின்ன டிராக்டர்களில் இது சர்வசாதாரணம்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். எஞ்சின் ஒரு பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப்புக்குள் வட்டமாகச் சில பிஸ்டன்கள், அவற்றின் எதிரே சாயக்கூடிய ஒரு தட்டு. தட்டு சாய்ந்தால் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் போய் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்றும், வண்டி நகரும். சாய்வு கூடினால் வேகம் கூடும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ். தட்டு நேராக நின்றால் எண்ணெய் போகாது, அதுதான் நியூட்ரல். ஆக, இந்த வண்டியில் நியூட்ரல் என்பது எஞ்சினிலிருந்து கழன்று நிற்பது அல்ல. பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. தட்டு ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் வண்டி ஊரும்.

எங்கள் வண்டி அப்படித்தான் ஊர்ந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது தெரியாது. வேகம் கூட்டினால் ஆமை மாதிரி முன்னால் போகும். டிரைவர் மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். லீவரை நடுவிலிருந்து துளி பின்னால் இழுத்து வைப்பார். "கைக்குப் பழகிடுச்சு தம்பி" என்பார். அப்பாவிடம் சொன்னால், "சீசன் முடியட்டும்டா, இப்ப ஏது நேரம்?" என்பார். சீசன் முடிந்தால் வண்டி கொட்டகைக்குப் போய்விடும். கூடவே எங்கள் ஞாபகமும்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் நான் வயலில் இருந்தேன். வெட்டும் பகுதியில் வைக்கோல் சிக்கியது. மாமா வெட்டும் பகுதியை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் இறங்கிப்போய்ப் பிடுங்கினார். லீவர் வைத்த இடத்தில் நிற்கவில்லை போல. வண்டி அவரை நோக்கி ஊர ஆரம்பித்தது. சத்தத்தில் என் கூச்சல் அவர் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தவர் விலகப் போனார், ஒரு கால் சேற்றில் மாட்டிக்கொண்டது. நான் ஏறி லீவரை இழுத்தபோது வண்டிக்கும் அவர் முழங்காலுக்கும் ஒரு சாண்கூட இல்லை. மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கே மெக்கானிக் வந்துவிட்டார். முதலில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் கனமான கட்டைகளை அடுக்கி, இரண்டு பெல்ட்டும் தரையில் படாதபடி நிறுத்தினார். லீவரிலிருந்து பம்ப்புக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டினார். பெல்ட் சுற்றவில்லை. "பம்ப்பு நல்லா இருக்கு. கோளாறு வெளியிலதான்" என்றார். கம்பியைக் கழற்றியும் சுற்றியிருந்தால், தட்டை நடுவுக்குக் கொண்டுவரும் அமைப்பிலேயே தேய்மானம் என்று அர்த்தமாம். அது பெரிய செலவு.

லீவரின் அடியில் இருந்த புஷ் தேய்ந்து ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. கூடவே சேறும் வைக்கோல் தூசியும் அடைந்திருந்தன. சுத்தம் செய்து புது புஷ் போட்டார். பிறகு கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்தார். பெல்ட் முன்பக்கம் சுற்றத் தொடங்கும் இடம் ஒன்று, பின்பக்கம் சுற்றத் தொடங்கும் இடம் ஒன்று. இரண்டுக்கும் சரிபாதியில் நியூட்ரலை வைத்தார். ஒவ்வொரு முறையும் எஞ்சினை அணைத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். எண்ணெய் சூடாகும்வரை ஓட்டி, முழு வேகத்திலும் பார்த்தார். பெல்ட் அசையவில்லை.

புஷ் 180 ரூபாய், கூலி 700. நோட்டில் எழுதும்போது மணி பார்த்தேன், ஒன்பது. வயலில் பனி காயாததால் அன்றைய அறுவடை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பழைய பக்கங்களைப் புரட்டினேன். தை மாதத்தில் ஒரு நாள்கூட நாங்கள் பத்து மணிக்கு முன் வண்டியை இறக்கியதில்லை. அப்பா "ஏது நேரம்?" என்று கேட்ட அந்த நேரம், தினமும் காலையில் வரப்பில் டீ குடித்தபடி எங்களோடுதான் உட்கார்ந்திருந்தது.

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, எழுதி வை" என்றார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, "இனிமே எஞ்சினை ஆஃப் பண்ணாம யாரும் வண்டிக்கு முன்னால போகக்கூடாது" என்றார். மாமா இப்போது அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறார். லீவரைத் துளி பின்னால் இழுக்கும் பழக்கம் மட்டும் அவர் கையை விட்டு இன்னும் போகவில்லை. இப்போது அப்படி இழுத்தால் வண்டி பின்னால் ஊர்கிறது :)