மழைக்கு வெளிய வந்தாச்சு

அல்புகர்க்கில நேத்து ராத்திரி நல்ல மழை.
மண் நனைஞ்சதும் தோட்டத்துல புதைஞ்சு கிடந்த பாலைவனப் பெட்டி ஆமைங்க வெளிய வந்து வண்டு தேடுதுங்க!

தூக்கினா போதும், அடி ஓட்டுல இருக்குற கீலை மடக்கி மொத்தமா மூடிக்கும்.

பெண் ஆமை குழி தோண்டி முட்டை வெச்சிருக்கு.
எடுத்து வைக்கும்போது புரட்டவே கூடாது. மேல்பக்கம் மேலயே இருக்கணும்.
சூடு கூடினா பெண் குஞ்சு, குறைஞ்சா ஆண்.

அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டை போட பல வருஷம் ஆகும்.
அதனால காட்டுல ஒண்ணைப் பிடிச்சாலும் பெரிய இழப்பு.
வளர்க்க ஆசைப்பட்டா வீட்டுல பொரிச்சதையே வாங்குங்க, ப்ளீஸ்.

30 வருஷம் தாண்டியும் வாழுற உயிர்.
நமக்கப்புறம் யாரு பாத்துப்பாங்க?